ஓசாகா ஸ்டேஷனில் எங்கள் அண்ணி

ஜப்பானுக்குப் போய்ச் செருப்பைப் பறிகொடுத்தவள் என்று எங்கள் அண்ணியைப் பற்றிச் சிதம்பரத்தில் ஒரு கதை உலவுகிறது. பஸ் ஸ்டாண்டுப் பழக்கடையில் ஆரம்பித்து எங்கள் கீழ வீதி வரைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்காத வாய் கிடையாது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செருப்பு தொலையவே இல்லை. போன ஜோடி அப்படியே திரும்பி வந்தது, அண்ணி இன்னும் அதைத்தான் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறாள். அரைகுறையாகக் கேட்டுவிட்டு அளக்கிறவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இதைக் கேட்டால் நல்லது.

என் பெயர் விருத்தாம்பாள். பிறந்தது கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன், வாழ்க்கைப்பட்டது சிதம்பரம். என் அண்ணன் பெயர் கொளஞ்சியப்பன். எங்கள் அப்பாவுக்கு விருத்தாசலம் என்றால் உயிர். அதனால் பெண்ணுக்கு அந்த ஊர் அம்மன் பெயரையும், பிள்ளைக்கு அந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற முருகன் பெயரையும் வைத்தார். அண்ணி தைலம்மாள் குறிஞ்சிப்பாடிப் பெண். எட்டாவது வரைக்கும் படித்தவள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் குழந்தை இல்லை. அதற்காக அவளை யாராவது ஒரு சொல் சொன்னால் என் அண்ணன் சண்டைக்குப் போய்விடுவார், அவருக்கு முன்னால் நான் போய்விடுவேன்.

அண்ணனுக்கு ஓ.டி. துறைமுகத்தில் வேலை. சேலத்திலிருந்து ரயிலில் வரும் இரும்புத் தாதுவை ஜப்பான் கப்பல்கள் வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் ஊரில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் கடலில் நிற்கும், படகுகளில்தான் தாது போகும். அந்தப் படகுகளை வரிசைப்படுத்தி அனுப்பி, கப்பலில் நின்று ஏற்றிவிட்டு வருவது அண்ணன் பொறுப்பு. கப்பல்காரர்களோடு பேசிப் பேசி அவருக்குக் கொஞ்சம் ஜப்பான் பாஷை வந்துவிட்டது. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். அவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். டீக்கடையில் டீ சொல்வதுகூட ஜப்பான் பாஷையில்தான். டீக்கடைக்காரர் சுப்புராயன், “இன்னா கொளஞ்சி, ஜப்பான்காரன் ஆயிட்டியா நீ? சக்கரை ஜாஸ்தியா கம்மியா, அத்த மட்டும் தமிழ்ல சொல்லிடு” என்பார்.

ஹயாஷி என்று ஒரு கேப்டன். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அவர் கப்பல் வரும். வந்தால் ஒரு வேளைச் சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். வாசலிலேயே ஷூவைக் கழற்றி ஒழுங்காக ஓரமாய் வைத்துவிட்டு உள்ளே வந்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. “அவுங்க ஊர்லயும் இப்பிடித்தானாம் விருத்தா, வூட்டுக்குள்ள செருப்பு போடமாட்டாங்களாம்” என்று அண்ணி எனக்கு அதிசயமாகச் சொன்னாள். அண்ணி வறுத்துப் போடும் வஞ்சிரத்தை அந்த மனுஷர் முள் எது, சதை எது என்று பார்க்காமல் சாப்பிடுவார். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, நீங்கள் இரண்டு பேரும் எங்கள் ஓசாகாவுக்கு வர வேண்டும், என் கப்பலிலேயே வரலாம், என் வீட்டில் தங்கலாம், கம்பெனியில் நான் பேசிவிட்டேன் என்றார்.

அண்ணன் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

அறுபத்தேழில், மாசி மகம் முடிந்த சில நாளில் கிளம்பினார்கள். ஓ.டி.யில் பாதி ஊர் கரையில் நின்றது. நான் சிதம்பரம் கோயில் திருநீறு கொண்டு போய் இரண்டு பேருக்கும் பூசிவிட்டேன். எங்கள் தெருவில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்த ஆண்கள் எத்தனையோ பேர் உண்டு. பெண் ஒருத்தி, அதுவும் வேலைக்கில்லை, வியாபாரத்துக்கில்லை, சும்மா ஊர் சுற்றிப் பார்க்கக் கப்பல் ஏறுகிறாள் என்றால் அது எங்கள் அண்ணிதான். எனக்கு நெஞ்சு நிறைந்து போய் அழுகை வந்தது. படகில் ஏறும்போது அண்ணன் அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“அங்க போயி நீ வாயத் தொறக்காத தைலம். எதுன்னாலும் நான் பேசிக்கிறேன். ஏடாகூடமா எதுனா பேசி மானத்த வாங்கிடாத.”

“சரிங்க” என்றாள் அண்ணி. அவள் குணம் அப்படி. நானாக இருந்தால் அந்த இடத்திலேயே படகை விட்டு இறங்கியிருப்பேன்.

ஓசாகாவைப் பற்றி அண்ணி சொன்னதையெல்லாம் எழுதினால் பொழுது போதாது. மலை மாதிரி கல் அடுக்கிக் கட்டிய கோட்டையைப் பார்த்திருக்கிறார்கள். படிக்கட்டே தானாக மேலே ஏறும் கடைக்குள் போயிருக்கிறார்கள். அண்ணன் முதல் படியில் காலை வைத்துத் தடுமாறி ஒரு கிழவியின் தோளைப் பிடித்துவிட்டாராம். அந்த அம்மாள் இவருக்குக் கும்பிடு போட்டு மன்னிப்புக் கேட்டாளாம். கேப்டன் சம்சாரம் அண்ணிக்குத் தன் கம்பளிக் கோட்டைப் போட்டுவிட்டாள். புடவை, அதன் மேல் கோட்டு, காலில் காலுறை, அதன் மேல் திருப்பாதிரிப்புலியூர்ச் செருப்பு. பள்ளிக்கூடத்துப் பெண்கள் கூட்டமாய் வந்து அண்ணியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். “அண்ணன எடுக்கலியா?” என்று கேட்டேன். “அவரு பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தாரு, பாவம், யாரும் கூப்புடல” என்றாள்.

திரும்புகிற நாள் வந்தது. அதே கம்பெனியின் வேறொரு கப்பல் அன்று சாயங்காலம் கோபே துறைமுகத்திலிருந்து மெட்ராசுக்குக் கிளம்புகிறது. அதை விட்டால் இந்தியப் பக்கம் போகிற கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அங்கே தங்கக் கொடுத்த அனுமதியும் அன்றோடு முடிகிறது. கேப்டன் பெட்டி படுக்கைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, நீங்களும் வாருங்கள் என்றார். காரில் சரியாக இரண்டு பேருக்கு இடம் இருந்தது. எங்கள் அண்ணன் கேட்டால்தானே? “நாங்க ரயில்ல வர்றோம். எனக்கு பாஷை தெரியும், வழி தெரியும்” என்று சொல்லிவிட்டார். கேப்டன் ஸ்டேஷன் வாசல் வரை கொண்டுவந்து விட்டு, டிக்கெட்டை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஸ்டேஷன் என்றால் நம் கடலூர் ஜங்ஷன் மாதிரி நினைத்துவிடக் கூடாது. ஒரு பிளாட்பாரத்தை விட்டால் அடுத்தது, அதை விட்டால் அடுத்தது, தரைக்குக் கீழேயும் ஓர் ஊர், அதிலும் கடைவீதி. ஆருத்ரா தரிசனக் கூட்டம் நாலு வீதியிலும் நிற்குமே, அது அங்கே தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரயில் வந்தது. அண்ணன் கூட்டத்தோடு உள்ளே போய்விட்டார். அண்ணி பின்னாலேயே வந்தாள். கதவுக்குப் பக்கத்தில் வந்து தரையைப் பார்த்தாள். பளபளவென்று மின்னுகிறது, ஒரு தூசி இல்லை. கேப்டன் வீட்டிலும் அப்படித்தான், மறதியாய்ச் செருப்போடு ஏறிவிட்டு அண்ணன் திட்டு வாங்கியிருந்தார். அண்ணி யோசிக்கவே இல்லை. செருப்பைக் கழற்றிப் பிளாட்பாரத்தில் ஓரமாய் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே காலை வைத்தாள்.

வைத்த பிறகுதான் பார்க்கிறாள், உள்ளே அத்தனை பேரும் ஷூவோடு நிற்கிறார்கள். அடடா என்று திரும்பி இறங்கினாள். குனிந்து செருப்பை எடுத்தாள். நிமிர்ந்தால் கதவு சாத்தியிருக்கிறது. யாரும் சாத்தவில்லை, அதுவாகவே சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், சத்தம் வரவில்லை. ரயில் போய்விட்டது.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நம் ஊரில் சுத்தமான இடத்தைப் பார்த்தால் யார்தான் செருப்பைக் கழற்ற மாட்டார்கள்? சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் விருத்தாசலத்தைத் தாண்டி ரயில் ஏறினதில்லை.

அண்ணி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பாஸ்போர்ட்டு, டிக்கெட்டு, கேப்டன் விலாசம் எல்லாம் அண்ணன் பையில். இவள் கையில் ஒன்றும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் அண்ணன் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்திருப்பார். ஆனால் வெள்ளைக் கையுறை போட்ட ஸ்டேஷன் அதிகாரி ஒருவர் வந்து, இவள் அழுவதைப் பார்த்து, தலை குனிந்து வணங்கி, மரியாதையாக மாடி மேல் தன் அறைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணனும் திரும்பி வந்துவிட்டார். வந்தது வேறு பிளாட்பாரம். அங்கிருந்து படி ஏறி, படி இறங்கி, “தைலம், தைலம்” என்று கத்திக்கொண்டு பைத்தியம் மாதிரி ஓடியிருக்கிறார்.

அதிகாரி நல்ல மனுஷர். உடனே ஒலிபெருக்கியில், இந்தியாவிலிருந்து வந்த ஐயா, உங்கள் மனைவி இங்கே இருக்கிறார் என்று ஜப்பான் பாஷையில் அறிவித்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை. பாஷை தெரிந்த எங்கள் அண்ணன் அந்த ஒலிபெருக்கிக்கு நேர் கீழேதான் நின்றுகொண்டிருந்தார். ஒரு எழுத்து புரியவில்லை! ‘கயிற்றை இழு’, ‘மெதுவாக இறக்கு’, ‘சாப்பாடு ஆயிற்றா’, அவ்வளவுதான் அவர் ஜப்பான் பாஷை. இத்தனை வருஷம் ஓ.டி. முழுக்க அதை வைத்துத்தான் ஜம்பம் அடித்துக்கொண்டிருந்தார்.

ஆள் வரவில்லை என்றதும் அதிகாரி தனக்குத் தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷில் கேட்டார். “ஹஸ்பண்டு நேம்?”

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எந்த ஊர்க்காரனும் திரும்புவான் என்று அவர் நினைத்திருக்கிறார். நியாயம்தான். அண்ணிக்கும் கேள்வி புரிந்தது. ஆனால் புருஷன் பெயரை அவள் எப்படிச் சொல்லுவாள்? அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் டைபாய்டு வந்து நினைவில்லாமல் கிடந்தார். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் பெயரைக் கேட்டதற்கு, சொன்னால் ஆயுசு குறையும் என்று பயந்து, வாசலில் நின்ற ஜட்கா வண்டிக்காரரைக் கூப்பிட்டுவந்து சொல்ல வைத்தவள் அவள். அப்படிப் பிழைத்து எழுந்த மனுஷனை, தெரியாத தேசத்தில் தொலைத்துவிட்டு நிற்கும்போது, அந்த வார்த்தையை வாயில் எடுப்பாளா?

“சொல்லக்கூடாதுங்க” என்றாள்.

“சொர்ரக்கூ?” என்று அவர் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

“ஐயோ, அது பேரு இல்லிங்க!” என்று அண்ணி பதறினாள். பிறகு நம் பக்கத்துப் பெண்கள் ரேஷன் ஆபீசில் சொல்லுகிற மாதிரி விளக்க ஆரம்பித்தாள். “விருத்தாசலம் இருக்குல்லிங்க, அதுக்குப் பக்கத்துல ஒரு முருகன் கோயிலு. கஷ்டம் வந்தா சாமிகிட்ட பிராது எழுதிக் கட்டுவாங்களே, அந்த சாமி பேருதாங்க அவுங்களுக்கு.”

நம் ஜில்லாவாக இருந்தால் கேட்கிறவர் பாதியிலேயே, “கொளஞ்சியப்பனாம்மா?” என்பார், இவள் தலையை ஆட்டுவாள், காரியம் முடிந்துவிடும். ஓசாகாவில் யாருக்குத் தெரியும் கொளஞ்சியப்பரை? அதிகாரி பொறுமையாகக் கடைசி வரைக்கும் கேட்டார். கேட்டுவிட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தார். பாலும் இல்லை, சக்கரையும் இல்லை, பச்சையாய் இருந்ததாம். அழுதுகொண்டே குடித்திருக்கிறாள். ஜன்னலில் வெயில் சாய ஆரம்பித்துவிட்டது.

“எனக்கு என்னப் பத்தி பயம் இல்ல விருத்தா” என்று பின்னால் என்னிடம் சொன்னாள். “நான் எங்கனா குந்திக்கிட்டு இருப்பேன். அவரு காலையிலேந்து ஒண்ணும் சாப்புடல. என்னத் தேடிக்கிட்டு எந்த ரயில்ல போயி வுழுவாரோன்னுதான் ஈரக்கொல நடுங்கிச்சி. கப்பலு போனா போவட்டும், அவரு கெடச்சா போதும்னு ஆயிட்டுது.”

அதிகாரிக்கு வேறு வழி தோன்றவில்லை. அண்ணியை ஒலிபெருக்கியில் பேசுகிற கருவிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நீயே கூப்பிடு என்று கையால் காட்டினார். கூட்டங்களில் தலைவர்கள் பேசுகிற மைக்கு போல ஒன்று. அதில் பேசினால் ஸ்டேஷன் முழுக்க, அத்தனை பிளாட்பாரத்திலும், தரைக்குக் கீழேயும் கேட்கும். அதிகாரியும் இன்னும் நாலைந்து பேரும் சுற்றி நின்று பார்க்கிறார்கள். அண்ணிக்குப் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டாள். பிள்ளை குட்டி இருக்கிறவள் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவன் அப்பா என்று கூப்பிடலாம். இவளுக்கு அதுவும் இல்லை. அதனால் வீட்டில் சோறு ஆனதும் அடுக்களையிலிருந்து எப்படிக் கூப்பிடுவாளோ அப்படியே கூப்பிட்டாள்.

“ஏங்க!”

தன் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்டதில் அவளே திடுக்கிட்டுப் போனாள். ஆனால் ஆரம்பித்தாயிற்று, நிறுத்தவில்லை.

“ஏங்க! இந்தாங்க, நாந்தாங்க. நான் எங்கியும் போவல, இங்கதான் இருக்கேன். மாடி மேல, வெள்ளக் கையொறை போட்ட ஐயா ரூமுல இருக்கேன். செருப்பு கெடச்சிட்டுது. நீங்க அலையாதீங்க, ரயிலுக்குக் குறுக்க கிறுக்க ஓடாதீங்க, கிட்டக்க இருக்கற ஆபீசருகிட்ட சொல்லி இங்க வாங்க. என்ன ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, நல்லவங்க. எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க வாங்க. ஏங்க, கேக்குதா?”

அண்ணனுக்குக் கேட்டது. எந்த மூலையிலோ ஒரு பிளாட்பாரத்தில் நின்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். நாலு பக்கமும் கூரையிலிருந்து தைலம்மாள் குரல் கொட்டுகிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு கணம் நின்று தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். பெரிய மனுஷர், மீசை வைத்தவர், வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார். பிறகு எழுந்து ஒரு போர்ட்டரைப் பிடித்து, கூரையைக் காட்டி, தன் நெஞ்சைக் காட்டி, “வைஃப்! மை வைஃப்!” என்று கத்தினார். இந்த இரண்டு வார்த்தை ஜப்பானில் எல்லாருக்கும் புரிந்தது.

அறைக்குள் வந்ததும் அண்ணன் அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். இன்னும் செருப்புப் போடாமல் நிற்பதைப் பார்த்து, அவள் கையிலிருந்த செருப்பை வாங்கிக் கீழே வைத்து, “போட்டுக்க தைலம்” என்றார். அங்கிருந்தவர்கள் கை தட்டினார்களாம். அதிகாரி மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் காகிதத்தில் பெயர் எழுதும் இடம் இன்னும் காலியாக இருந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம் சொன்னாள்.

“ஏங்க, பாவம், இவரு அப்பத்துலேந்து உங்க பேரக் கேட்டுக்கிட்டே இருக்காரு. சொல்லிடுங்க.”

அந்த அதிகாரியே ஆள் ஒருவரை ரயிலில் கூட அனுப்பி, கோபேவில் கப்பல் படிக்கட்டு வரைக்கும் கொண்டுபோய் விடச் சொன்னார். படியைத் தூக்கப் போகிற நேரம், ஏறிவிட்டார்கள். ஹயாஷி கேப்டன் கரையில் நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

திரும்பி வந்த மறுநாள் டீக்கடையில் அண்ணன் தமிழில் டீ கேட்டார். ஸ்டேஷனில் நடந்ததை அவரே எல்லாருக்கும் சொன்னார், தன் பாஷை செத்துப்போனதையும் சேர்த்து. “ஜப்பானே நின்னு கேட்டுதுய்யா எங்க வூட்டுக்காரி பேசுனத” என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதைத்தான் சிதம்பரம் வருவதற்குள் செருப்புக் கதையாக்கிவிட்டார்கள்.

எனக்கும் ஒரு ஆத்திரம் இருந்தது, இல்லாமல் இல்லை. போன தைக்கு அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு பேரும் கிழங்கு நறுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன்.

“ஏன் அண்ணி, கப்பலு போற நேரம். அவ்ளோ அவசரத்துல ஒரே ஒரு தடவ பேரச் சொல்லியிருந்தா இன்னா? அங்க நம்ம ஆளு யாரு இருந்தா, தப்புன்னு சொல்ல?”

அண்ணி கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. சொல்லக் கொஞ்சம் வெட்கப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

“மொதல்ல பயந்தான் விருத்தா. அப்பறம் அந்த மைக்கு முன்னால நின்னப்ப வேற ஒண்ணு தோணிச்சி. பேரச் சொல்லி அவர யாரு வேணா கூப்புடலாம். தொறமொகத்து ஆபீசரு கூப்புடறாரு, டீக்கடக்காரரு கூப்புடறாரு. ‘ஏங்க’ன்னு அவரக் கூப்புட இந்த ஒலகத்துல நான் ஒருத்திதான. அந்த ஊரு பூரா ஜனமும் கேட்டுது, ஒருத்தரும் திரும்பல. அவரு மட்டுந்தான வந்தாரு.”